ரபாபின் தொண்டை ஆறும்வரை

முஹல்லபியாவில் பாதாம் தூவக்கூடாது, ஐயா. டான்சில் எடுத்தவர்களின் தொண்டைப் புண்ணில் அது உரசும். பாலும் அரிசி மாவும் சர்க்கரையும் போதும். காய்ச்சி, நன்றாகக் குளிரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். என் தங்கை ரபாபுக்கு நான்தான் ஊட்டினேன். பெற்றோர் இல்லாத வீட்டில் வேறு யார் செய்வார்கள்?

கெனா நகரில் என்னைப் போல் தங்கையைத் தாங்கியவன் இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்களே சொல்வார்கள். தலையணையை உயர்த்தி வைப்பேன். வலி மருந்தைக் கரைத்துக் கொடுப்பேன். சில நாள் அதிகம் பேசாமல் இருந்தால் நல்லது என்றார் டாக்டர். நான் அதைச் சற்றுக் கூட்டி, பேசினால் புண் பிளந்து உயிரே போய்விடும் என்று அவளிடம் சொன்னேன். அக்கறையில் சொன்னதுதான்.

எங்கள் ஊர் ஷஹாத்தா தன் தங்கை நவாலை எனக்குக் கட்டித் தர வேண்டுமென்றால், ரபாபை அவனுக்கு நான் தர வேண்டும். எங்கள் பக்கம் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது புதிதல்ல. அவனுடைய முதல் மனைவி கை முறிந்து தாய்வீடு போனவள், உண்மைதான். கோபம் வராத ஆண் எங்கே இருக்கிறான்? ஆபரேஷனுக்கு முன்பு ரபாப் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"நிக்காஹ்ல ஷேக் சம்மதம் கேக்குறப்ப எல்லார் முன்னாடியும் மாட்டேன்னு சொல்லிடுவேண்ணே. அப்புறம் மாப்பிள்ளைக் கோலத்துல நீ எங்க போய் ஒளிவே?"

அதனால்தான் நிக்காஹை அவள் படுத்திருந்த வாரத்திலேயே வைத்தேன்.

நிக்காஹ் நடத்த வந்த ஷேக், ரபாபின் அறை வாசலில் நின்று சம்மதம் கேட்டார். கன்னிப்பெண் வாய் திறக்காவிட்டால் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அவள் கழுத்தைச் சால்வையால் மூடியிருந்தேன்; ஆபரேஷன் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. வாசலுக்கு முதுகைக் காட்டிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன்.

ரபாப் உயிருக்குப் பயப்படவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. வாயைத் திறந்தாள். ஒரு கரண்டி முஹல்லபியா ஊட்டினேன். துப்பிவிட்டு மறுபடி திறந்தாள். கரண்டியைக் கொஞ்சம் ஆழமாக வைத்து அழுத்தினேன். சத்தம் வரவில்லை. உதட்டோரம் வந்த இரத்தத்தைச் சால்வை முனையால் துடைத்துவிட்டு விலகினேன். ஷேக்குக்கு அவள் கண்ணீர் மட்டும்தான் தெரிந்தது.

"கூச்சப்படுது புள்ள," என்றபடி கூடத்துக்குப் போய், பெண்ணின் காப்பாளனான என் கையோடு ஷஹாத்தாவின் கையைச் சேர்த்து நிக்காஹை முடித்தார்.

நவால் நல்ல மனைவி. ரபாபையும் பெருநாள்தோறும் போய்ப் பார்த்தேன். தேநீரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். இப்போது என்னை ஸ்டேஷனுக்கு வரவழைத்து, அவள் உடம்பெல்லாம் காயம் என்று நீங்கள் படங்களைக் காட்டுகிறீர்கள். என்னிடம் அவள் எதுவும் சொன்னதில்லை, ஐயா. பிடிக்காமல் இருந்திருந்தால் வாய்விட்டுச் சொல்லியிருப்பாளே.