அக்கா வரிசை

— இதோட முன்னூத்திப் பதினொண்ணு. அம்மா, நீயும் எண்றியா இல்லியா?

— எண்ணி என்ன புள்ள பண்ண? எல்லாம் புடுங்கித் தீ வெக்கற காப்பிச் செடிதான?

— சித்திரை மழைக்கு முந்தி எரிக்கோணும். தண்டுக்குள்ள இருக்கற புழு வண்டாப் பறந்துச்சுன்னா மிச்சக் காடும் போயிரும்.

— எனக்கே பாடம் எடுக்கறா பாரு! எங்கம்மா இந்த மேட்டுல நாத்து நட்டப்ப எனக்குப் பத்து வயசு. தண்டத் தடவியே நோவு சொல்லுவேன். இந்தா, சுண்ணாம்பு டப்பாவப் புடி. இனி நோவுச் செடிக்குக் குறி போடறது நீதான்.

— எனக்கு வேண்டாம்.

— எனக்குக் கண்ணு மங்கிருச்சுன்னு செடி புடுங்கற பாண்டி சொல்றான். நானும் ஆமான்னுட்டேன்.

— கண்ணு மங்குனதுனாலயா போன வருசம் அக்கா வரிசையில குறி இல்லாமப் போச்சு?

— மறந்துட்டேன்னு காப்பி போர்டு ஆபீசர்கிட்டயே சொல்லியாச்சு. உங்கப்பனும் நம்பிட்டாரு. அவருக்கென்ன, மலை ஏறச் சொன்னா முட்டி வலி, கீழ வயலுக்குன்னா ஓடுவாரு.

— பேச்ச மாத்தாத. அம்முச்சி செத்த மாசமே அவங்க வரிசையில நோவு வந்துச்சு. அழுதுட்டே குறி போட்ட. பாண்டி புடுங்கற வரைக்கும் பக்கத்துலயே நின்ன.

— அது எங்கம்மா. இது எம்மக.

— வயசுக்கு வந்த வருசம் அக்கா தன் கையால நட்ட வரிசை. இருவத்திரண்டு செடி. நாந்தான் கொடத்துல தண்ணி தூக்கியாந்தேன்.

— பாதி வழியிலயே ஊத்திட்டு வருவ. பூங்கொடி திட்டுவா.

— நோவு கண்டது அதுல நாலே நாலு. அப்பவே புடுங்கியிருந்தா?

— முன்னூறும் தப்பிச்சிருக்கும்.

— அம்மா, நீ மறக்கல.

— மறந்தேன்னே வெச்சுக்க கண்ணு. குறி இல்லாத செடியப் பாண்டி தொடமாட்டான். குறி போடறது நானு. தப்பு எம்பேர்லயே இருக்கட்டும்.

— நீ நாலுக்கும் வட்டம் போட்டிருந்த. நான் பாத்தேன். அக்கா காச்சல்ல போயி எட்டு மாசங்கூட ஆகல. அன்னைக்கு மத்தியானம் ஈரத்துண்ட எடுத்துட்டுப் போயி நான்...

— தெரியும். துண்டெல்லாம் சுண்ணாம்பு. அலசிக் காயப் போட்டதே நாந்தான்.

— தெரிஞ்சுமா என்னய ஒண்ணும் கேக்கல? மறுக்காப் போயிக் குறி போட்டிருக்கலாமேம்மா!

— மறுநா விடியக்காலையில போட்டேன் கண்ணு. ரெண்டாவது வாட்டி அழிச்சது நாந்தான்.