எஞ்சினின் நாசிலை இருளாண்டி எடுக்கவில்லை

என் பெயர் சுஐபு. தகப்பனார் பெயர் மதார். வயது இருபத்து மூன்று. மண்டபத்தில் குடியிருக்கிறேன். மதுரையில் டீசல் மெக்கானிக் பயிற்சி முடித்துவிட்டு, அரசுக் கட்டடங்களில் உள்ள பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் தற்காலிக மெக்கானிக்காக வேலை செய்கிறேன். 1961ஆம் வருடம் ஆகஸ்டு மாதம் 14ஆம் தேதியாகிய இன்று, யாரும் கூப்பிடாமல் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்து, ஏட்டு தனுஷ்கோடி முன்பாகச் சொல்வது என்னவென்றால்:

மண்டபத்துக்கு மேற்கே கடலோரத்தில் பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகள். அந்தப் பள்ளிக் கிணற்றுக்கு எஞ்சின் மாட்டியவன் நான். இந்தக் கரையில் மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் பாலாடை மாதிரி மெல்லிசாகக் கிடக்கிறது. கொஞ்சம் இறைத்து, ஊறவிட்டு, மறுபடி இறைக்க வேண்டும். விடாமல் இறைத்தால் அடியில் கிடக்கும் உப்பு மேலே ஏறிவிடும். பிறகு மழை பெய்து தேறும் வரை கிணறு உதவாது. ஆகவே காலையில் தொட்டி நிரம்பும் வரை மட்டுமே எஞ்சினை ஓட்ட வேண்டும் என்று வார்டன் சின்னச்சாமியிடம் சொல்லி, எஞ்சின் கொட்டகைச் சுவரிலும் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு ஆனி மாதத்தில் பராமரிப்புக்குப் போனபோது, நான் எழுதியதன் மேல் வெள்ளையடித்திருந்தது. உச்சி வெயிலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் தொட்டி காலி. வாய்க்கால் வெட்டி, வேலிக்கு அந்தப் பக்கமுள்ள வார்டனின் மைத்துனர் தென்னந்தோப்புக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுத் துப்பிவிட்டு, எஞ்சினை நிறுத்தினேன். பிறகு சமையல்கட்டுக்குப் போய் சமையல்காரி ராக்குவைக் கேட்டேன். “சோத்துக்கு நான் உப்புப் போட்டு நாளாச்சு தம்பி. தண்ணியே போட்டுருது” என்றார். பிள்ளைகள் உதடு வெடித்து, வாய்ப்புண்ணோடு இருந்தார்கள். வயிற்றுப்போக்கில் படுத்திருந்தவர்களுக்கும் அதே தண்ணீரைத்தான் காய்ச்சிக் கொடுத்திருந்தார்கள். காய்ச்சினால் உப்பு போகாது, இன்னும் கூடும். இதை ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சொல்லவேண்டி வந்தது.

அதன் பிறகு வார்டனிடம் போய் வாய்க்காலை அடைக்கச் சொன்னேன். “ஏம்ப்பா மெக்கானிக்கு, நீ எஞ்சினப் பாக்க வந்தியா, புள்ளைகளப் பாக்க வந்தியா? காட்டுல கெடந்ததுக, குட்டையில குடிச்சதுக. இதுகளுக்கு என்ன, பன்னீரா வேணும்?” என்றார். தென்னை உப்பைத் தாங்கும், பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்றேன். அவர் சிரித்தார். நான் எங்கள் ஆபீசில் சொன்னேன். எஞ்சின் நன்றாக ஓடுகிறதல்லவா, பிறகு உனக்கென்ன என்றார்கள்.

அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பூமயில் என்ற பிள்ளையின் தகப்பனார்தான் இருளாண்டி. பெற்றவர்கள் உள்ளே வந்தால் பிள்ளைகள் கூடவே ஓடிவிடும் என்று வார்டன் அவர்களை விடுவதில்லை. அதனால் இருளாண்டி கம்பிவேலிக்கு வெளியே, இந்தக் கரையில் எல்லாரும் செய்வது போல, மணலைக் கையால் தோண்டி ஊற்றுப் போட்டார். அதில் சுரந்த தண்ணீரைக் கொட்டாங்கச்சியில் மோந்து கம்பி இடுக்கு வழியாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். போன வெள்ளிக்கிழமை நான் போனபோது பிள்ளைகள் வேலியோரம் வரிசையாக நின்றார்கள். வார்டன் வந்து, “ஏலே, களவாணிப் பயலே! சர்க்கார் வேலிகிட்ட உனக்கென்னலே சோலி?” என்று கத்திக்கொண்டு வெளியே போய், செருப்புக் காலால் மணலைத் தள்ளி ஊற்றை மூடினார். இருளாண்டி, “புள்ளைக குடிக்கட்டும் சாமி, பெறகு மூடிக்கங்க” என்று மட்டும் சொன்னார். பூமயில் வெறும் கொட்டாங்கச்சியை வேலிக்கு வெளியே நீட்டியபடியே நின்றது.

அதன் பிறகு வார்டன் சாப்பிடப் போனதும், நான் கொட்டகைக்குப் போய் எஞ்சினை நிறுத்தி, அதன் நாசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். டீசலைப் பீய்ச்சும் பாகம் அது. அது இல்லாமல் எஞ்சின் ஒரு சுற்றுக்கூட ஓடாது. துடைக்கும் பஞ்சு கையில் இல்லாததால் என் காக்கிச் சட்டையின் அடிப்பக்கத்தைக் கிழித்து, உள்ளே மணல் போகாதபடி குழாய் வாயையும் எஞ்சின் துவாரத்தையும் அடைத்தேன். நாசிலை எங்கள் அதிகாரி மேசையில் வைத்து, பிள்ளைகள் உப்புத் தண்ணீர் குடிக்கலாம் என்று உத்தரவு எழுதிக் கொடுங்கள், மாட்டுகிறேன் என்று கேட்பதுதான் என் எண்ணம். அன்று சாயங்காலமே ராமநாதபுரம் போனேன். அதிகாரி கேம்ப் போயிருந்தார். திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். இன்று காலை அவரைப் பார்க்க பஸ் ஏறும்போது ராக்குவைக் கண்டேன். நாசில் களவு போனதாக வார்டன் புகார் கொடுத்து, சனிக்கிழமையே இருளாண்டியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த பஸ்ஸில் ஏறாமல் நேராக இங்கே வந்தேன்.

இதற்கு மேல் எழுத ஏட்டு சம்மதிக்காததால், மீதியை என் கையாலேயே எழுதுகிறேன்.

நான் நடந்ததைச் சொன்னதும் ஏட்டு, “படிச்ச புள்ளையா இருக்க. வேலையக் கெடுத்துக்காத தம்பி. அவனே ஒத்துக்கிட்டான், கேஸு முடிஞ்சுபோச்சு” என்றார். என்ன ஒத்துக்கொண்டார் என்று கேட்டேன். நாசிலை எடுத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டதாக ஒத்துக்கொண்டாராம். அது எவ்வளவு பெரிசு என்று கேட்டதற்கு, இருளாண்டி முழங்கையிலிருந்து விரல் நுனி வரை காட்டினாராம். அதையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நாசில் இதோ, ஏட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன். என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. நாசில் என்ற பேரையே அவர் இந்த ஸ்டேஷனில்தான் முதன்முதலாகக் கேட்டிருப்பார். கொட்டகைக்குள் போய் அந்த எஞ்சினை ஒரு ஆள் எட்டிப் பார்த்திருந்தால் போதும். எஞ்சினுக்குள் மணல் போகக்கூடாதே என்று துணி வைத்து அடைத்துவிட்டுப் போகும் திருடன் எந்த ஊரில் இருக்கிறான்? அந்தத் துணி இன்னும் அங்கேயே இருக்கிறது. அதைக் கிழித்தெடுத்த சட்டையைத்தான் இப்போது போட்டிருக்கிறேன். எடுத்துக்கொண்டு போய்ப் பொருத்திப் பார்க்கலாம். காட்டுநாயக்கர் ஒருவர் வேலியோரம் உட்கார்ந்திருந்தார் என்பதைத் தவிர வேறெதையும் யாரும் பார்க்கவில்லை.

நாசிலை எடுத்தது நான். அதற்கு என்ன தண்டனையோ எனக்குக் கொடுங்கள். கிணறு தேறும் வரை அந்த எஞ்சினில் நாசிலை யார் மாட்டச் சொன்னாலும் மாட்டமாட்டேன். இருளாண்டியை இப்போதே வெளியே விட வேண்டும். லாக்கப் கம்பி வழியாக அவர் இடது கையை நீட்டித் தண்ணீர் வாங்கிக் குடித்ததைப் பார்த்தேன். வலது கை மடங்கவில்லை.

இந்த வாக்குமூலத்தை என்னை அடித்தோ மிரட்டியோ யாரும் வாங்கவில்லை. இருளாண்டியிடம் அடித்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். நான் சொன்ன இந்த இரண்டும் உண்மை என்று அறிந்தே கையெழுத்துப் போடுகிறேன்.

ம. சுஐபு