வெள்ளிமலை வரை ஒரு ஹெல்மெட்

“வெள்ளிமலை வர்ற வரிக்கும் கழட்டாதீங்க.”

கள்ளக்குறிச்சியில் புறப்பட்ட பேருந்தில், என் முன்னிருக்கைப் பெண் தன் கணவரிடம் சொன்னாள். அவர் புது ஹெல்மெட்டை மாட்டியபடி அமர்ந்திருந்தார்.

“பஸ்ஸே சிரிக்குதுடி.”

“சிரிக்கட்டும். பழசு நெத்திய அழுத்துதுன்னு, பாதி வழியில கழட்டி வண்டியில மாட்டிக்கினு பெங்களூரு போனவருதானே நீங்க? இது வலிச்சா சாயந்தரமே கடையில மாத்திடலாம்.”

“காதுகிட்ட கொஞ்சம்...”

“வலிக்குதா?”

“இல்ல, நீ பேசறது கம்மியா கேக்குது. நல்லாத்தான் இருக்கு.”

மலைப்பாதை தொடங்கியதும் அவர் ஹெல்மெட்டோடு அவள் தோளில் சாய்ந்து உறங்கிப்போனார். அவள் அசையவேயில்லை.

“தோள் வலிக்கலியாம்மா?” என்று பக்கத்திலிருந்த பெண்மணி கேட்டார்.

“எனக்கு வலிக்குதுக்கா. அவருக்கு வலிச்சா இப்படித் தூங்குவாரா? இதையே வச்சிக்கலாம்.”