பெண் வாசகர், எண் ஒன்று

— இறுக்காதீக. சுட்ட கைக்கு யாராச்சும் இம்புட்டு இறுக்கிக் கட்டுவாகளா?

— அசையாம இரு வள்ளி. மஞ்சப் பத்து வெளிய தெரியணும். ஆபீசரம்மா கேட்டா என்ன சொல்லணும்?

— சோறு வடிக்கையில கஞ்சிய ஊத்திக்கிட்டேன். அதான் காலையில இருந்து நாலு தடவை சொல்லிட்டீகளே.

— கையெழுத்துக் கேட்டா?

— கட்டைக் காட்டணும். வாசிக்கச் சொன்னா, கண்ணுல பூச்சி பறக்குதுன்னு சொல்லணும். பேசாம என்னைய சீக்குக்காரின்னே எழுதியிருக்கலாம். ஏங்க, திண்டுக்கல்லுலயே அதிகமாப் படிச்ச பொம்பள நாந்தான்னு ஆறு வருசமா எழுதுறீக. இந்த லைப்ரேரிக்குள்ள நான் காலெடுத்து வைக்கிறதே இன்னைக்குத்தான்.

— மெதுவாப் பேசு. முன்னறையில பேப்பர் படிக்க ஆள் உக்காந்திருக்கு.

— இம்புட்டுப் புத்தகத்தையும் நீங்கதான் அடுக்குனீகளா?

— நாலாயிரத்துச் சொச்சம். முன்னெல்லாம் கம்பிவலை பீரோவுல பூட்டி வச்சுக்கிட்டு, கேட்டாத்தான் எடுத்துக் குடுப்பாங்க. மதராஸ்ல டிரெயினிங் முடிச்சு வந்ததும் பூட்டையெல்லாம் கழட்டி எறிஞ்சவன் நானு. ரூல் என்னன்னா, யார் வேணாலும் உள்ள வந்து, தன் கையால புத்தகத்தை எடுத்துப் பாக்கலாம்.

— நானுமா?

— முகத்தைத் துடைச்சுக்க. வேர்த்திருக்கு.

— அது சரி. என்னைய எதுக்கு எழுதுனீக?

— வேற வழி? நூலகச் சட்டம் வந்த புதுசு. செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் பொம்பளைகளுக்குன்னு நேரம் ஒதுக்கச் சொல்லி மல்லுக்கட்டி வாங்கினேன். மூணு மாசம் ஒருத்தி எட்டிப் பாக்கல. ரூல் என்னன்னா, வாசகர் இல்லன்னா நேரத்தை எடுத்துருவாங்க. சரி, ஒரு பொம்பள வந்தான்னு எழுதி வைப்போம்னு பெரிய நோட்டுல மொத வரியில பதிஞ்சு, கார்டும் போட்டேன். வாரா வாரம் முத்திரை குத்தினேன். இப்பப் பாரு, நெசமாவே பதினோரு பேர் வாராங்க. செல்லக்கிளி டீச்சர் நாகல் நகர்ல இருந்து நடந்தே வருது. நான் எழுதுனது பொய்யின்னு தெரிஞ்சா அத்தனை பேருக்கும் கதவைச் சாத்திருவாங்க. என் வேலையும் போயிரும்.

— போன மாசம் சந்தையில ஒரு ஆத்தூர்க்காரி தக்காளிக் கூடையை எறக்கி வச்சுட்டு என்னையக் கும்பிட்டா. ‘உங்க வீட்டுக்காரர் மாட்டு வண்டியில புத்தகத்தைக் கொண்டாந்து, எங்களுக்கெல்லாம் எழுத்துக்கூட்டச் சொல்லிக் குடுத்தாரு. இப்ப பஸ்ஸுல போர்டை நானே பாத்து ஏறுறேன்’னா. எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. எம் பஸ்ஸு எதுன்னு அவகிட்டதான் கேட்டு ஏறுனேன்.

— வள்ளி...

— கல்யாணமான புதுசுல கேட்டேன். சிலேட்டு வாங்கியாரேன்னீக.

— மறந்துட்டேன்.

— ஒரு நாளா மறந்தீக?

— வெக்கமாத்தான் இருக்கு. நீயும் மறுபடி கேக்கல. அது எனக்குத் தோதாப் போச்சு. எந்திரி எந்திரி, அந்தா வந்துட்டாங்க!

— வணக்கம். நான் அமலராணி, மேலாபீஸ்ல இருந்து வரேன். நீங்கதானே சுப்புராஜ்? இவங்க மிஸஸ் சுப்புராஜா? முந்நூத்திப் பன்னெண்டு புத்தகம் படிச்சவங்களை நேர்ல பாத்துப் பரிசு குடுக்கணும்னு வந்தேன். கையில என்னம்மா?

— கஞ்சி பட்ருச்சுங்கம்மா. கையெழுத்துப் போட முடியாது.

— அவங்களைத்தான் கேட்டேன் சுப்புராஜ்.

— கஞ்சிதாம்மா.

— அடடா. பரவால்ல, கையெழுத்து வேண்டாம். படிச்சதுல உங்களுக்கு எது பிடிச்சதுன்னு சொல்லுங்க, போதும்.

— அவளுக்குக் கண்ணுல பூச்சி பறக்குதுங்கம்மா, அதனால...

— பிடிச்சதைச் சொல்லக் கண்ணு எதுக்கு? இருங்க, இதைப் பாப்போம். இந்தப் புத்தகத்தை உங்க கார்டுல நாலு தடவை எடுத்திருக்கீங்க. ரொம்பப் பிடிக்குமோ?

— ஆமாம்மா.

— பக்கமெல்லாம் ஓரம் வெட்டாம இன்னும் ஒட்டிக்கிட்டே இருக்கே. எப்படிம்மா படிச்சீங்க?

— அது வந்துங்கம்மா, பைண்டிங் பண்றவங்க...

— நீங்க செத்த நேரம் சும்மா இருங்க. அம்மா, எனக்கு ஆனா ஆவன்னாகூடத் தெரியாது. கையும் சுடல. இந்தாங்க, கட்டை அவுத்துட்டேன்.

— ஐயோ வள்ளி! அம்மா, தப்பு பூரா எம்மேல. நாந்தான் எழுதுனேன், நாந்தான் முத்திரை குத்துனேன். ஊர் ஊராப் போயி படிங்க படிங்கன்னு தொண்டை கிழியக் கத்துன வாயி, வீட்டுல சோறு போடுன்னு மட்டுந்தான் சொல்லியிருக்கு. எழுத்துத் தெரியாதவளக் கூட்டியாந்து கட்டுப் போட்டு நிப்பாட்டிட்டேன். உங்களை ஏறிட்டுப் பாக்க முடியலங்கம்மா. அவளையுந்தான்.

— உக்காருங்க சுப்புராஜ். இந்த மாசத்துல நான் பாக்குற நாலாவது கைக்கட்டு இது. மத்த மூணு ஊர்லயும் நூலகர் வீட்டம்மாதான் முதல் வாசகி. ஒருத்தங்களுக்கு விரல் கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு. ஒருத்தங்களுக்கு அரிவாமனை. இன்னொருத்தங்களுக்கு நகச்சுத்தி.

— அவுகளை என்னம்மா செஞ்சீக?

— பரிசைக் குடுத்துட்டு வந்துட்டேன். கட்டை அவுத்துக் காட்டுங்கன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல. அவுத்துப் பாத்தா நான் மேலிடத்துக்கு எழுதியாகணும். எழுதினா பெண்கள் நேரம் போயிரும். எனக்கும் வெக்கந்தான். நீங்களும் வாங்கிக்கங்கம்மா, நெசமாவே வந்து படிக்கிறவங்களுக்காக.

— அது சரி. செல்லக்கிளி டீச்சருக்காக வாங்கிக்கிறேன். ஆனா அதுக்கு முன்ன அந்தப் பெரிய நோட்டை எடுக்கச் சொல்லுங்க. ஆறு வருசமா எம் பேரு அதுல இருக்கு. பொய்யோ நெசமோ, எம் பேரு எழுத்துல எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல. அதைப் பாத்து எழுதிப் பழகுறேன்.

— நல்லா இருக்கே! சுப்புராஜ், ரிஜிஸ்டரை எடுங்க.

— இப்ப எதுக்குங்கம்மா அது? நான் தனியா ஒரு தாள்ல அழகா எழுதிக் குடுத்துர்றேன்.

— தாளு வேணாம். நோட்டுலயே காட்டுங்க.

— இந்தா... மொத வரி.

— இதா? இதுல சண்முகவள்ளிங்கிற எம் பேரு எதுங்க? விரலை வச்சுக் காட்டுங்க. ஏன் தரையப் பாக்குறீக?

— நீங்களே சொல்லிருங்க சுப்புராஜ்.

— அதுல உம் பேரு இல்ல வள்ளி. ‘நூலகரின் மனைவி’ன்னு மட்டுந்தான் எழுதி வச்சிருக்கேன்.