சிறகு விரித்த மூன்று பூநாரைகள்

பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் எதையாவது எண்ணிக்கொண்டுதான் இருப்பார்கள். பொன்னேரி பேருந்து எங்கள் குப்பத்துக்கு எப்போது வரும் என்பது அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது. அதனால் நிறுத்தத்துக்கு எதிரே, புயல் பாதுகாப்புக் கூடத்துச் சுவரில் வரைந்திருந்த பூநாரைகளை நான் எண்ணினேன். நாற்பத்தாறு. நடந்ததை எழுதித் தரும்படி ஊர்ப் பஞ்சாயத்து கேட்டிருக்கிறது. நடந்தது அங்கேதான் தொடங்கியது.

படத்தை வரைந்தவள் ஜமுனா, ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண். பார்த்தவர்கள் எல்லாம் அழகு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார்கள். நான் மாதா கோயிலில் இருபது வருடமாகக் கீபோர்டு வாசிப்பவள். பிறர் போட்ட மெட்டையே வாசித்து வாசித்து, என் பெயரில் ஒரே ஒரு மெட்டாவது இருக்கக்கூடாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவள். அதனால் எனக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. சில பறவைகள் ஒற்றைக்காலில் நின்றன, சில இரண்டு காலையும் ஊன்றியிருந்தன. ஒற்றைக்காலை ஒரு தட்டு, இரட்டைக்காலை இரண்டு தட்டு என்று வைத்துத் தொடையில் தட்டிப் பார்த்தேன். தாளம் கச்சிதமாக உட்கார்ந்தது. சிறகை விரித்துக்கொண்டிருந்த மூன்று பறவைகள் மட்டும் பிடிபடவில்லை.

"இன்னாக்கா, சொவத்தயே மொறச்சிக்கினு கீற? பொம்மைங்கோ கடிக்காது," என்றபடி ஜமுனா வந்து நின்றாள்.

நான் தட்டிக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யாருமே கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைத்து, தன் வேடிக்கைக்காக ஒளித்து வைத்திருந்தாளாம். சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவளை யாரும் வற்புறுத்தவில்லை.

இறால் தடவும் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாகக் குந்தி, சேற்றைக் கையால் துழாவிக்கொண்டே நகர்வார்கள். பிடித்த இறாலைப் போடும் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். கையும் வேலையில், வாயும் வேலையில். பேச முடியாது. மூக்கால் முனகத்தான் முடியும். ஒரு 'ம்' என்றால் நான் இங்கே இருக்கிறேன். இரண்டு என்றால் நகருங்கள். அந்த முனகலைத்தான் பறவைகளின் காலில் வரைந்து வைத்திருந்தாள்.

"றெக்க விரிச்சிக்கினு கீதே, அது நீட்டு. மூச்சு முடியற மட்டும் இழுக்கணும். திருக்கை மீனு கீதுன்னு அர்த்தம், அது வால் முள்ளு வெசம். எல்லாம் கைய மேல தூக்கிடணும்."

"நான் இதை ஒரு பாட்டாகப் போடட்டுமா?"

அவள் யோசித்தாள். "போட்டுக்கோக்கா. அந்த நீட்டு மூணு மட்டும் வேணாம். அத்த வெளையாட்டுக்குக்கூட யாரும் முனகறதில்ல."

சரி என்றேன். அப்போது மனதாரச் சொன்னதுதான்.

வீட்டில் பறிக்குப் பதில் கைக்குட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டு மூக்காலேயே பாடினேன். டிரம் பேடு வாசித்த என் தம்பி ஜோஷ்வா, "யக்கா, பல்லு வலியா?" என்று கேட்டான். நீட்டு இல்லாமல் நான்கு முறை பதிவு செய்தோம். கால் உடைந்த நாற்காலி மாதிரி மெட்டு ஆடியது. மூன்று நீட்டையும் சேர்த்ததும் நிமிர்ந்து நின்றது. ஜோஷ்வா குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "இத்த நீயாக்கா போட்ட?" என்றான். இருபது வருடத்தில் முதல் முறையாக என்னிடம் அப்படிக் கேட்டார்கள். ஆமாம் என்றேன். தட்டு சுவருடையது, மெட்டு என்னுடையது. யோசித்துப் பார்த்தால் அதில் பொய் இல்லை.

திருவிழாவன்று காலை பத்து மணிக்கு, கோயில் கோபுரத்தில் ஏரியைப் பார்த்துக் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயில் பாட்டைப் போட்டோம். முதல் நீட்டு வந்தது. தண்ணீரில் இருந்த பதினெட்டுப் பெண்களும் முப்பத்தாறு கைகளையும் வானத்துக்குத் தூக்கினார்கள். ஒரு பாட்டுக்கு அப்படியொரு வரவேற்பை நான் பார்த்ததே இல்லை.

வரிசையில் முதலாவதாகப் போகும் வசந்தா ஈரச் சேலையோடு கோயில் வாசலுக்கே வந்துவிட்டாள். "எவடி அவ, கொழாயில மொனகனவ? பல்லுல கெடந்த பறி நழுவி, எறா அத்தினியும் ஊர்கோலம் போயிடுச்சி!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜமுனா மட்டும் சிரிக்கவில்லை. "யக்கா, சொன்னியே," என்றாள். திருவிழா முடியட்டும், மாற்றிவிடுகிறேன் என்றேன்.

அதற்குள் பாட்டு என் கையை விட்டுப் போயிருந்தது. ஷேர் ஆட்டோவில், ஐஸ் வண்டியில், படகுக்காரர்களின் போனில் எல்லாம் அதுதான். எண்ணும் பழக்கம் இருந்ததால் நான் தினமும் கரைக்குப் போய் எண்ணினேன். முதல் வாரம் முப்பத்தாறு கைகள். மூன்றாம் வாரம் பத்து. நாற்பதாம் நாள் ஒரு கைகூட எழவில்லை. வசந்தா தலையை ஆட்டித் தாளம் போட்டாள். கைகள் குறைவதன் பொருள் எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் எச்சரிக்கை பாட்டாக மாறுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

மறு வாரம் வசந்தாவின் காலருகே திருக்கை புரண்டது. அவள் மூச்சு முடியும் மட்டும் முனகினாள். அன்று காலை எந்தக் குழாயும் பாடவில்லை, எந்தப் போனும் பக்கத்தில் இல்லை. ஆனாலும் ஜமுனா கையை எடுக்கவில்லை. முள் வலது கையில் இறங்கியது. கை தோள்வரை வீங்கி, பொன்னேரி ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டார்கள். தூரிகை பிடிக்கிற விரல்.

பார்க்கப் போனேன். ஏன் கையை எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"வசந்தாக்கா பாடறான்னு நெனச்சேன்," என்றாள்.

அவள்தான் அதற்குப் பொருள் சொல்லித் தந்தவள். அவளுக்கே அது பாட்டாகக் கேட்டிருக்கிறது. இதை எழுதக்கூடாதுதான். ஆனால் உண்மையை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். பஸ்ஸில் திரும்பும்போது என் மெட்டைப் பற்றி இதைவிடப் பெரிதாக யாராலும் சொல்ல முடியாது என்றுதான் தோன்றியது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். நீட்டு எதற்கென்று தெரிந்துதான் வைத்தேன். எடுக்க நாற்பது நாள் இருந்தது, எடுக்கவில்லை. நீங்கள் விதிப்பதை ஏற்கிறேன். பாட்டை எல்லோர் போனிலிருந்தும் அழிக்கச் சொல்கிறீர்கள், அதுவும் நியாயம்தான்.

பெண்கள் முனகல் குறியை மாற்றிவிட்டார்களாம். புதியது எனக்குத் தெரியக்கூடாது என்று கட்டுப்பாடு. வசந்தா என்னைக் கண்டாலே மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறாள். எனக்கு வருத்தமில்லை. ஜமுனா மறுபடி ஏரிக்கு வருகிறாள், இடது கையால் துழாவிக்கொண்டு வரிசையின் கடைசியில் போகிறாள். அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் நான்கு நாளாக விடிந்ததும் கரைக்குப் போகிறேன். வேலை நேரத்தில் தொந்தரவு செய்யக்கூடாதே என்று, அவர்கள் கரையேறும்வரை சவுக்கு மரங்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். புதிய முனகலில் முதல் பாதி பிடிபட்டுவிட்டது.