காலரை இழுக்காத பந்து

– முதல்ல கையைக் கழுவிட்டு வாடா. உன் மாமா ரத்தம் இன்னும் விரல்லயே இருக்கு.

– கழுவிட்டேன்க்கா. நகத்துக்குள்ள இருக்கறது போக மாட்டேங்குது.

– அவரு ஹெல்மெட் எங்க?

– என் பையில. பந்து பட்டதும் முகத்துக்கு முன்னால இருக்கற கம்பிக் கிரில் தனியா தெறிச்சு விழுந்துச்சு. மாமா மூஞ்சியைப் பொத்திக்கிட்டு ஸ்டம்பு மேலயே சாஞ்சுட்டாரு. எல்லாரும் அவரைத் தூக்க ஓடினாங்க. நான் ஹெல்மெட்டையும் கிரில்லையும் பொறுக்கிப் பையில போட்டுக்கிட்டேன்.

– வேற யாராவது கையில எடுத்துப் பாத்தாங்களா?

– இல்ல. ஏன்க்கா அதையே கேக்கற? உள்ள ஆபரேஷன் நடக்குது. ஒரு கண்ணு போனது போனதுதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. உம் புருஷன் எப்படி இருக்காருன்னு கேக்காம ஹெல்மெட்டைக் கேக்கற!

– கேட்டதுக்குப் பதில் சொல்லு, போதும். உக்காரு. அந்தக் கடைசிப் பந்தை எப்படிப் போட்ட?

– எப்பவும் போடற மாதிரிதான்.

– யாருகிட்ட கதை விடற? இந்த லீக்ல நல்ல மீடியம் பேசர் யாருன்னு கேட்டா, பால்காரன்கூட மூணு பேரைச் சொல்லுவான். ஒருத்தன் ரெண்டு பக்கமும் ஸ்விங் பண்றவன். இன்னொருத்தன் தையல்ல குத்தித் திருப்பறவன். மூணாவது நீ, கடிகாரம். ஒரே இடம், ஒரே வேகம், நாள் பூரா. உன் கையில ஒரு பந்து தப்பிப் போச்சுன்னா ஊரே நம்பும்டா. நான் நம்ப மாட்டேன்.

– வேர்வையில வழுக்கிடுச்சுக்கா, சத்தியமா.

– சத்தியம் பண்ணாத, பத்திக்கிட்டு வருது. சந்துல நாம ரெண்டு பேரும் ஆடின காலத்துல உனக்குக் கீப்பிங் பண்ணினவ நான். வேகமா ஒண்ணு போடறதுக்கு முன்னாடி காலரை இழுத்துவிடணும்னு அப்பவே பேசி வெச்சோம். இன்னிக்கு வரைக்கும் அதே சைகைதான். நீ இழுத்தா, இப்பக் கீப்பிங் நிக்கற உன் மாமா பின்னால போயிடுவாரு. இழுக்கலன்னா ஸ்டம்பை ஒட்டிக் குந்தியிருப்பாரு. வேலி ஓரத்துல உக்காந்து கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டிருந்தேன். இழுத்தியா?

– அது வந்துக்கா, வெயிலு...

– வாயில என்ன கொழுக்கட்டையா? இழுத்தியாடா?

– இல்ல.

– அஞ்சு பந்து தாலாட்டு மாதிரி போட்ட. ஆறாவதை லெக் பக்கம், பேட்ஸ்மேன் உடம்பு அவரு கண்ணை மறைக்கற மாதிரி, தோள்ல இருக்கற பலத்தையெல்லாம் போட்டு இறக்கின.

– ஆமா! வேணும்னேதான் போட்டேன், போதுமா? மூக்கு உடையட்டும், நாலு பல்லு கொட்டட்டும்னுதான் போட்டேன். வேகமா போடறவன் பயமுறுத்துவான்க்கா. மீடியம் பேஸ் போடறவன் நம்ப வைப்பான். அஞ்சு பந்தா நம்ப வெச்சேன்.

– கத்தாத, நர்ஸ் திரும்பிப் பாக்கறா. உன்னை அப்படி என்ன பண்ணிட்டாரு? உன் விக்கெட்ல பாதி அவரு ஸ்டம்புகிட்ட நின்னு எடுத்துக் கொடுத்ததுடா.

– என்னையா? என்னை ஒண்ணும் பண்ணலக்கா. போன வாரம் பிராக்டீஸ்ல கிளவுஸை எடுத்துக் கொடுன்னாரு. எடுத்தேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற வலையில சிவப்பா ஒண்ணு மாட்டியிருந்துச்சு. உன் கம்மல் கல்லு. காஞ்ச ரத்தத்தோட.

– அது எங்கயோ விழுந்துடுச்சுன்னு நெனச்சேன்.

– கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொன்ன. அதுக்கு முன்னாடி படியில சறுக்கிட்டேன்னு சொன்ன. நானும் கேணையன் மாதிரி தலையாட்டினேன். அந்தாளு கிளவுஸைக் கழட்டாமலே அடிப்பானா?

– மாட்டிக்கிட்டு வந்து அடிப்பாரு. வெறுங்கையில அடிச்சா விரல் வீங்கிடுமாம், மறுநாள் பந்து பிடிக்க முடியாதாம்.

– அடப்பாவி!

– கேட்ச் விட்ட அன்னிக்கு அடி. நல்லா பிடிச்ச அன்னிக்கும் அடி, நான் கை தட்டலன்னு. ஒருவாட்டி சுவத்தோட சேர்த்து அழுத்தி, காது ரெண்டுலயும் மாத்தி மாத்தி. மூணு நாளைக்கு எனக்கு ஒண்ணுமே கேக்கல. மேட்ச் அன்னிக்குப் பையை அடுக்கறது, பேடைத் துடைக்கறது, ஹெல்மெட்டைத் துடைக்கறது எல்லாம் என் வேலை. ஒண்ணு குறைஞ்சா அதுக்கும் உண்டு.

– என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

– சொன்னா நீ என்ன பண்ணுவன்னு தெரியும். இப்பப் பண்ணியிருக்கியே, அதைத்தான் பண்ணுவ.

– எனக்குக் கொஞ்சம்கூட வருத்தம் இல்ல. போ, பொய் சொல்றேன், இருக்கு. ஹெல்மெட் போட்டிருக்காரு, மிஞ்சிப் போனா கிரில் வளைஞ்சு பல்லு போகும், அவ்வளவுதான்னு நெனச்சேன். நான் என்ன புயல் மாதிரியா போடறேன்? மீடியம் பேஸ்க்கா! அதுக்கு அந்தக் கிரில் எப்படித் தெறிக்கும்? முட்டையைக் கல்லுல தட்டின மாதிரி ஒரு சத்தம். காதுலயே நிக்குது.

– சரி, அழாத. மூக்கைத் துடை.

– கேப்டன் வந்துக்கிட்டிருக்காரு. லீக் ஆபீஸ்ல ஹெல்மெட்டைப் பாக்கணும்னு சொல்லிட்டாங்களாம். அவரு வந்ததும் சொல்லிடப் போறேன். வேணும்னே போட்டேன், சைகை காட்டலன்னு.

– வாயைத் திறந்த, செருப்பு பிஞ்சிடும். ஜெயிலுக்குப் போவ. வெளிய வந்தாலும் எவனும் உன்னைப் பந்தைத் தொட விடமாட்டான். கேப்டன் எப்ப வர்றாரு?

– பத்து நிமிஷத்துல. சொல்லாம என்னால இருக்க முடியாதுக்கா. ஒரு மனுஷன் கண்ணைப் பிடுங்கியிருக்கேன். நான் பண்ணினதை நான்தானே சொல்லணும்?

– நீ பாதிதான்டா பண்ணின.

– என்னது?

– உன் பையில ஸ்க்ரூடிரைவர் இருக்கா?

– இருக்கு. இப்ப அது எதுக்கு?

– அவன் ஸ்டம்பை ஒட்டி நிக்கறது உன் ஒருத்தன் பந்துக்குத்தான். என்னிக்காவது உனக்கே தெரியாம ஒண்ணு எகிறும், யாரு மேலயும் பழி வராதுன்னு மூணு மேட்சா வேலி ஓரத்துல காத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அதுக்குள்ள நீ புகுந்து குட்டையைக் குழப்பிட்ட.

– அக்கா, என்ன சொல்ற? கையில என்ன வெச்சிருக்க?

– கிரில்லைப் பிடிச்சிருக்கற ஸ்க்ரூ, நாலுல ரெண்டு. போன ரெண்டு மேட்சுக்கும் பண்ணின மாதிரி இன்னிக்கும் காலையில பையை அடுக்கறப்போ கழட்டினேன். ஹெல்மெட்டை எடுடா, தானா கழண்டுச்சுன்னு நெனைக்கற மாதிரி கேப்டன் வர்றதுக்குள்ள லூசா மாட்டி வெக்கணும்.