இரண்டேகால் மணி ஸ்கூட்டர்

தமிழ்நாட்டில் ஓசைக்குத் திசை கொடுக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறு யாரும் முன்வராததால் சொல்கிறேன்.

மற்றவர்கள் இசையை எதிரே வைத்துக் கேட்கிறார்கள். நான் எட்டு ஸ்பீக்கர்களை வட்டமாக வைத்து, நடுவில் இருப்பவரைச் சுற்றி அதை நடமாட விடுகிறேன். இணையத்தில் ஓராண்டு படித்தேன். முதல் பாடத்துக்காக, அப்பா முதல் ஷிஃப்ட் முடிந்து வருவதைப் பதிவு செய்தேன். முனையில் ஸ்கூட்டர் திரும்பும்; கேட் கிறீச்சிடும்; ஸ்டாண்டு போடுவார்; செருப்பைக் கழற்றுவார். மணி இரண்டேகால்.

மே மாதம் அப்பா தூக்கத்திலேயே இறந்துபோனார். அம்மா முன்பே இல்லை. வாரிசு வேலை ஒருவருக்குத்தான். அதுவும் இல்லையென்றால் கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அக்கா ரெஜினா மனு போட்டாள். எனக்கு ஆட்சேபணை இல்லை. பர்மனெண்ட் வேலை என்பது சம்பளம் தரும் கல்லறை என்று கல்லூரிச் சுவரேட்டில் எழுதியவன் நான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கப் போகிறவர்களுக்கு ‘மணி கட்டிய மாடுகள்’ என்று பெயர் வைத்ததும் நான்தான். அப்பா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

சிக்கல் அறையில் வந்தது.

“வேலைல சேந்ததும் கல்யாணம் வச்சிக்கலாம்னு ஆனந்த்ராஜ் சொல்றாருடா. ரூம் வேணும். உன் பொட்டிங்கள எங்கனா எடுத்துகினு போ.”

“எங்கக்கா போறது?”

“எட்டு தெச இருக்குதுன்றியே. ஒண்ணுல போய் வை.”

வெளிநாட்டில் இரண்டு இசைப்பள்ளிகள் என்னை ஏற்கெனவே நிராகரித்திருந்தன. மூன்றாவதற்கு டிசம்பருக்குள் புதுப் பதிவு ஒன்றை அனுப்ப வேண்டும். அந்த அறை போனால் நானும் போனேன். மனு நிலுவையில் இருக்கும்வரை வீடு எங்களிடம் இருக்கும். அவள் வேலை ஆறு மாதம் தள்ளிப்போனால் போதும். அதற்குமேல் நான் ஆசைப்படவில்லை.

செம்பருத்திப் புதரில் ஒன்று, ஜன்னலுக்கு வெளியே ஒன்று என்று ஐந்து ஸ்பீக்கர்களை மறைத்தேன். இரண்டேகாலுக்கு அப்பா வரும் அந்தப் பதிவை ஒலிக்கவிட்டேன்.

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். “சைமா, அப்பா வண்டிடா.”

“எந்த அப்பாக்கா?” என்று ரசத்தை ஊற்றிக்கொண்டேன். வராந்தாவில் உறை போட்டு நின்ற ஸ்கூட்டரையும் கூட்டிப்போய்க் காட்டினேன்.

தினமும் செய்யவில்லை. செவ்வாய், வெள்ளி மட்டும். அடிக்கடி கேட்டால் காது சலித்துவிடும் என்று பாடத்தில் இருந்தது. மூன்றாம் வாரம் துண்டோடு வாசலில் நின்றாள். ஐந்தாம் வாரம் செருப்புச் சத்தத்தை அவள் தோளுக்குப் பின்னால் கொண்டுவரக் கற்றுக்கொண்டேன். “வெயில்ல நிக்காத, உள்ள வாப்பா” என்றாள். நான் அதிகம் முன்னேறிய வாரம் அது.

மனுவை விசாரிக்க அலுவலகத்திலிருந்து ஒருவர் புதன்கிழமையன்று வந்தார். அன்று நான் எதையும் ஒலிக்கவிடவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

இரண்டேகாலுக்கு அக்கா எழுந்தாள். “செத்த இருங்க சார், அப்பா வந்துகினு இருக்காரு,” என்று துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

அவர் ஃபைலை மூடினார். “வேற யாருப்பா வாரிசு?” என்றார்.

ஆனந்த்ராஜ் இப்போது வருவதில்லை. அக்கா மாத்திரை போட்டுத் தூங்குகிறாள். அறை என்னிடமே இருக்கிறது. டிசம்பரில் எதையும் அனுப்பவில்லை. ஷிஃப்ட் முடிந்தால் உட்காரக்கூட முடிவதில்லை.

அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள் விட்டுக்கொள்கிறேன். வண்டி அப்பாவுடையது. முனையிலேயே எஞ்சினை அணைத்து, வீடுவரை தள்ளிக்கொண்டு வருகிறேன். கேட்டுக்கு எண்ணெய் போட்டிருக்கிறேன். அக்கா பயந்துவிடக் கூடாது பாருங்கள். எனக்கு அவள்மேல் அவ்வளவு பாசம்.